நாலு பென்னி இல்லாத ராத்திரி: 1888 வைட்சாப்பல் கொலைகள்ல செத்துப்போன பொண்ணுங்க எப்படி வாழ்ந்தாங்க?

ஜாக் தி ரிப்பர்னு சொன்னா உடனே எல்லாரும் கேக்குறது "யாரு அவன், கண்டுபிடிச்சாங்களா?"ன்னு தான். கண்டுபிடிக்கல. 1888ல லண்டனோட கிழக்குப் பக்கம், வைட்சாப்பல், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்னு ஏழை ஜனங்க நெருக்கியடிச்சு வாழ்ந்த ஏரியாவுல வரிசையா கொலைங்க நடந்துச்சு, போலீஸ் தேடு தேடுன்னு தேடியும் ஆள் சிக்கல, அவ்வளவு தான். நான் இங்க எழுதப்போறது செத்துப்போன பொண்ணுங்கள பத்தி. அவங்க எப்படி அந்த நேரத்துல, நடுராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்கு, தெருவுல இருந்தாங்கங்கிறது தான் என் கேள்வி, அதுக்கு பதில் தெளிவாவே இருக்கு, ஏன்னா அப்ப நடந்த மரண விசாரணைகள்ல அவங்களோட தங்கினவங்க, புருஷன்மார், அப்பா, சிநேகிதிங்க எல்லாரும் சாட்சி சொல்லியிருக்காங்க, அத பத்திரிகைக்காரங்க வரிக்கு வரி எழுதி வெச்சிருக்காங்க. படிச்சா மனசு கனத்துப்போகும், ஆனா புதுசா படிக்கிறவங்களுக்கும் சுலபமா புரியும்.

முதல்ல கணக்கு. போலீஸோட வைட்சாப்பல் கொலை ஃபைல்ல 1888ல இருந்து 1891 வரைக்கும் மொத்தம் 11 பேர். அதுல அஞ்சு பேர மட்டும் ஒரே ஆள் கொன்னான்னு பொதுவா சொல்றாங்க, 1894ல போலீஸ் மேலதிகாரி மெல்வில் மெக்நாட்டன் எழுதின ஒரு குறிப்புல இருந்து அந்த அஞ்சுங்கிற எண்ணிக்கை நிலைச்சுடுச்சு. மேரி ஆன் நிக்கல்ஸ் (எல்லாரும் போலின்னு கூப்பிடுவாங்க), ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எட்டோஸ், மேரி ஜேன் கெல்லி. ஆகஸ்ட் 31லேருந்து நவம்பர் 9 வரைக்கும், பத்து வாரத்துல அஞ்சு உயிர். மேரி ஜேன் மட்டும் ஏறக்குறைய 25 வயசு, மத்த நாலு பேரும் நாப்பத தாண்டினவங்க. இத ஏன் சொல்றேன்னா, நிறைய பேர் மனசுல அவங்கள இளவயசு பொண்ணுங்களா தான் நெனச்சு வெச்சிருக்காங்க. குழந்தை பெத்து, குடும்பம் நடத்தி, அது உடைஞ்சு, உடம்பு தளர்ந்து போன நடுத்தர வயசு அம்மாக்கள்னு நெனச்சுப் பாருங்க, கதையே வேற மாதிரி தெரியும்.

இப்ப காசு விஷயம். இது புரிஞ்சா பாதி புரிஞ்ச மாதிரி. அன்னிக்கு 12 பென்னி சேர்ந்தா ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் சேர்ந்தா ஒரு பவுண்டு. வீடு வாடகைக்கு எடுக்க முடியாதவங்க தங்கறதுக்கு லாட்ஜிங் ஹவுஸ்னு ஒண்ணு இருந்துச்சு. லாட்ஜ்னு நாம நெனக்கிற மாதிரி தனி ரூம் எல்லாம் கெடையாது, ஒரு பெரிய ஹால்ல வரிசையா கட்டில், கீழ எல்லாருக்கும் பொதுவா ஒரு சமையல்கட்டு, அதுல அடுப்பு எரிஞ்சிட்டே இருக்கும், குளிருக்கு அங்க உக்காந்துக்கலாம். ஒரு கட்டிலுக்கு ஒரு ராத்திரிக்கு நாலு பென்னி, ரெண்டு பேர் படுக்கிற கட்டில்னா எட்டு. ராத்திரி ஆனதும் பாத்துக்கற ஆள் வந்து காசு கேப்பான், இருந்தா மாடிக்கு போகலாம், இல்லன்னா வெளிய. நாளைக்கு தரேன்னு சொல்றதெல்லாம் எப்பவாவது தான் நடக்கும். 1888 அக்டோபர்ல போலீஸ் எடுத்த கணக்குப்படி அந்த ஏரியாவுல மட்டும் இந்த மாதிரி விடுதி 233, அதுல 8,530 பேர் தங்கியிருந்தாங்க. அத்தனை பேரும் தினமும் சாயங்காலம் ஆனா "இன்னிக்கு படுக்கைக்கு காசு இருக்கா"ன்னு யோசிச்சே ஆகணும். நம்ம ஊர்ல அன்னாடங்காய்ச்சின்னு சொல்லுவோமே, அதுல அடுப்பு மட்டும் இல்லாம படுக்கையும் அன்னாடம் தான்.

சரி, நாலு பென்னி சம்பாதிக்கறது அவ்வளவு கஷ்டமான்னு கேட்டா, ஒரு பொம்பளைக்கு ஆமா. வீட்ல உக்காந்து தீப்பெட்டி ஒட்டற வேலை அந்த ஏரியால ரொம்ப சாதாரணம், 144 பெட்டி ஒட்டினா கிட்டத்தட்ட ரெண்டேகால் பென்னி, பசையும் நூலும் அவங்க கைக்காசு. அப்படின்னா ஒரு ராத்திரி படுக்க 250 பெட்டிக்கு மேல ஒட்டணும், அதுக்கப்புறம் தான் சோறு. இதுவும் வீடுன்னு ஒண்ணு இருந்து, பெட்டிய காய வெக்க இடம் இருந்தா தான். விடுதில இருக்கறவங்களுக்கு மிஞ்சினது வீட்டு வேலை, துணி துவைக்கறது, பூ விக்கறது, குரோஷா பின்னி விக்கறது, இல்ல கடன் வாங்கறது, அடகு வெக்கறது, வேற வழியே இல்லன்னா உடம்ப விக்கறது.

தெருவுல படுத்தா போலீஸ் எழுப்பி நடன்னு வெரட்டும், அது சட்டப்படி குத்தம். அரசாங்கம் ஏழைங்களுக்குன்னு நடத்தின வொர்க்ஹவுஸ் இருந்துச்சே, அங்க போயிருக்கலாமேன்னு தோணும். போனாங்க, நாலஞ்சு தடவை போனவங்க இருக்காங்க. ஆனா அது வேணும்னே கடுமையா வெச்சிருந்த இடம், சோம்பேறிங்க வரக்கூடாதுன்னு. ஒரு ராத்திரி தங்கறவங்களுக்கு கேஷுவல் வார்டுன்னு தனியா உண்டு, அங்க போனா குளிக்க வெச்சு, துணிய வாங்கிட்டு, பழைய கப்பல் கயித்த கையால பிரிச்சு நார் நாரா எடுக்கற வேலை குடுப்பாங்க, நகம் பிஞ்சு போகும். 1882ல வந்த சட்டத்துக்கு அப்புறம் ஒரு ராத்திரி தங்கப் போனவங்கள மறுநாள் முழுக்க வேலை வாங்கிட்டு அதுக்கடுத்த நாள் காலைல தான் வெளிய விடணும். அப்ப அந்த ஒரு நாள் கூலி போச்சு, திரும்ப வெளிய வந்தா கைல மறுபடியும் ஒண்ணும் இல்ல. அங்க போறத விட தெருவுல நடந்தே விடிய வெக்கலாம்னு பலபேர் முடிவு பண்ணதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

இன்னொரு முடிச்சு கல்யாணம். 1857ல வந்த விவாகரத்து சட்டப்படி பொண்டாட்டி வேற ஆளோட தொடர்பு வெச்சு தப்பு பண்ணான்னு நிரூபிச்சா போதும், புருஷன் விலகிக்கலாம், ஆனா பொண்டாட்டி கேட்டா அவன் தப்பு பண்ணதோட சேர்த்து கொடுமை பண்ணான், விட்டுட்டு ஓடிட்டான்னு இன்னொண்ணையும் நிரூபிக்கணும். அதுக்கும் வக்கீல் செலவு யாரால முடியும்? அதனால ஏழை ஜனங்க விவாகரத்து இல்லாம சும்மா பிரிஞ்சு போனாங்க. பிரிஞ்ச புருஷன் வாரா வாரம் கொஞ்சம் ஜீவனாம்சம் குடுப்பான், அதுவும் அவ "ஒழுங்கா" இருக்கற வரைக்கும் தான். தனியா இருக்க பயந்து, ஒருத்தர் கூட சேர்ந்து இருந்துட்டான்னா ஜீவனாம்சம் கட்.

போலிக்கு நடந்தது அப்படியே இது. அவங்க அப்பா எட்வர்ட் வாக்கர் கொல்லர், புருஷன் வில்லியம் நிக்கல்ஸ் அச்சகத்துல வேலை, 1864ல கல்யாணம், அஞ்சு குழந்தைங்க. பிரிஞ்சதுக்கு காரணம் அவ குடிதான்னு புருஷன் சொன்னாரு, அவருக்கு வேற தொடர்பு இருந்துச்சுன்னு மாமனார் சொன்னாரு, அவர் இல்லன்னாரு. வாரத்துக்கு அஞ்சு ஷில்லிங் குடுத்துட்டிருந்தவர் 1882ல அவ இன்னொருத்தரோட இருக்கான்னு காரணம் காட்டி நிறுத்திட்டாரு, அதுக்கப்புறம் வொர்க்ஹவுஸ், வெளிய, திரும்ப வொர்க்ஹவுஸ்னே வாழ்க்கை ஓடுச்சு. 1888 மே மாசம் ஒரு நல்லது நடந்துச்சு, வான்ட்ஸ்வொர்த்ல ஒரு வீட்ல வேலைக்கு சேர்ந்தாங்க. அப்பாவுக்கு அங்கேருந்து ஒரு லெட்டர் போட்டாங்க, வீடு பெருசு, முன்னாலயும் பின்னாலயும் மரமும் தோட்டமும் இருக்கு, வீட்டுக்காரங்க குடிக்க மாட்டாங்க, பக்தியானவங்க, அதிக வேலை இல்ல, பையனுக்கு வேலை கெடச்சிருக்கும்னு நம்பறேன், சீக்கிரம் பதில் போடுங்கன்னு. அந்த லெட்டர் என்னை ரொம்ப பாதிச்சது, ஒரு வரில கூட சுயபச்சாதாபம் இல்ல, இந்த தடவை எப்படியாவது தாக்குப்பிடிச்சுடணும்ங்கிற ஆசை மட்டும் தான் தெரியுது. ரெண்டு மாசத்துல அங்கேருந்து மூணு பவுண்டு பத்து ஷில்லிங் மதிப்புள்ள துணிய எடுத்துட்டு கெளம்பிட்டாங்க. ஏன்னு யாரும் அவங்கள கேக்கற சந்தர்ப்பமே வரல.

ஆகஸ்ட் 31 அதிகாலை, த்ரால் தெரு விடுதில நாலு பென்னி இல்லன்னு வெளிய அனுப்பிட்டாங்க. போகும்போது சிரிச்சுட்டே, படுக்கை காசு சீக்கிரம் கொண்டு வந்துடுவேன், பாரு எவ்வளவு அழகான தொப்பி போட்டிருக்கேன்னு சொல்லிட்டு போனாங்களாம். ரெண்டரை மணிக்கு கூட தங்கியிருந்த எமிலி ஹாலண்ட் வழில பாத்து, வா திரும்பி போலாம்னு கூப்பிட்டிருக்காங்க. இன்னிக்கு மூணு தடவை படுக்கை காசு கெடச்சுது, மூணு தடவையும் செலவு பண்ணிட்டேன்னு சொல்லிட்டு போலி கெழக்க நடந்து போயிட்டாங்க, போதைல தடுமாறிட்டே. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் கழிச்சு பக்ஸ் ரோவுல உடம்பு கெடந்துச்சு. அவங்ககிட்ட இருந்தது ஒரு சீப்பு, ஒரு கைக்குட்டை, ஒரு ஒடைஞ்ச கண்ணாடித் துண்டு. யாருன்னே தெரியல, உள்பாவாடைல லாம்பெத் வொர்க்ஹவுஸ்னு முத்திரை குத்தியிருந்தத வெச்சு தான் ஆள கண்டுபிடிச்சாங்க. அவங்க யாருன்னு உலகத்துக்கு சொல்ல மிச்சம் இருந்த ஒரே அடையாளம் அந்த முத்திரை.

ஆனி சாப்மன் அப்பா ராணுவ வீரர், புருஷன் ஜான் பணக்காரங்க வீட்ல குதிரை வண்டி ஓட்டறவர். அஞ்சு பேர்ல கொஞ்சம் வசதியா வாழ்ந்து பாத்தவங்கன்னா இவங்க தான், வின்ட்சர் பக்கத்துல ஒரு பெரிய எஸ்டேட்ல குடும்பம் இருந்துச்சு. மூணு பிள்ளைங்க, ஒரு பையனுக்கு ஊனம், மூத்த பொண்ணு 1882ல 12 வயசுல மூளைக்காய்ச்சல்ல செத்துப்போச்சு. குடி ரெண்டு பேருக்குமே இருந்துச்சுன்னு சொல்றாங்க. பிரிஞ்சப்புறம் ஜான் வாரம் பத்து ஷில்லிங் தபால்ல அனுப்பினார், பத்து ஷில்லிங்னா 120 பென்னி, முப்பது ராத்திரி படுக்கை, அதாவது மிச்சத்துல சாப்பிட்டு மானமா இருக்கலாம். 1886 கடைசில பணம் திடீர்னு நின்னுடுச்சு. என்னன்னு விசாரிச்சா கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஜான் இறந்துட்டார். அத சொல்லும்போது அழுதாங்கன்னு அவங்க சிநேகிதி அமிலியா பால்மர் சாட்சில சொல்லியிருக்காங்க. அப்ப கூட இருந்த ஆளும் கொஞ்ச நாள்ல விட்டுட்டு போயிட்டான்.

1888 செப்டம்பர் முதல் வாரத்துல ஆனிக்கு உடம்புக்கு ரொம்ப முடியல. இன்னிக்கு ஒரு கப் டீக்கு கூட வழியில்லன்னு சொன்னப்ப அமிலியா ரெண்டு பென்னி குடுத்து, சரக்கு வாங்கிடாதேன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு திரும்ப பாத்தப்ப, உக்காந்துட்டா ஆகாது, எப்படியாவது எழுந்து போயி காசு பாக்கணும், இல்லன்னா படுக்க இடம் இருக்காதுன்னாங்களாம். ஆஸ்பத்திரில குடுத்த மாத்திரைங்க ஒரு சின்ன டப்பால வெச்சிருந்தாங்க. அன்னிக்கு ராத்திரி டார்செட் தெரு விடுதி சமையல்கட்டுல அந்த டப்பா ஒடைஞ்சுடுச்சு, கீழ கெடந்த ஒரு கவர் துண்ட எடுத்து அதுல மாத்திரைய மடிச்சு வெச்சுக்கிட்டாங்க. அந்த கவர்ல சசெக்ஸ் ரெஜிமென்ட்னு ஒரு அச்சு இருந்ததால போலீஸ் பெரிய துப்பு கெடச்சுதுன்னு அந்த படைப்பிரிவு வரைக்கும் போய் விசாரிச்சாங்க. கடைசில பாத்தா மாத்திரை மடிச்ச காகிதம்.

விடுதிய பாத்துக்கிட்ட டிமத்தி டானவன் கிட்ட, என் படுக்கைய வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, சீக்கிரம் வந்துடுவேன்னு சொல்லிட்டு ராத்திரி ரெண்டு மணி சுமாருக்கு வெளிய போனவங்க விடியும்போது ஹான்பரி தெரு 29ம் நம்பர் கொல்லைல பிணமா கெடந்தாங்க. பிரேத பரிசோதனை பண்ண டாக்டர் பாக்ஸ்டர் ஃபிலிப்ஸ், நுரையீரல்லயும் மூளைய சுத்தியிருக்க சவ்வுலயும் ரொம்ப நாளா நோய் இருந்திருக்கு, சரியான சாப்பாடு இல்லாம இருந்திருக்காங்கன்னு சொன்னாரு. சாகறதுக்கு முன்னால சில மணி நேரமா பெருசா குடிக்கலன்னும் சொன்னாரு. சரக்குக்கு அலைஞ்சு செத்தான்னு இன்னிக்கும் எழுதறவங்க இந்த வரிய படிக்கணும்.

எலிசபெத் ஸ்ட்ரைட் சுவீடன்காரங்க, கோத்தன்பர்க் பக்கத்துல விவசாய குடும்பம், 1866ல லண்டன் வந்தாங்க. கார்பென்டர் ஒருத்தர கல்யாணம் பண்ணி பாப்ளர்ல ரெண்டு பேரும் காபி கடை வெச்சு நடத்தினாங்க, அதுவும் நிலைக்கல. 1878ல தேம்ஸ்ல பிரின்சஸ் ஆலிஸ்ங்கிற படகு மூழ்கி நூத்துக்கணக்கான பேர் செத்தாங்க, அதுல தான் என் புருஷனும் பிள்ளைங்களும் போயிட்டாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தாங்க. அது உண்மை இல்ல, புருஷன் 1884ல தான் செத்தாரு. அந்த பொய்ய நான் தப்பா பாக்கல, உதவி கேக்க போற இடத்துல கண்ணியமான ஒரு காரணம் இருந்தா தான் ரெண்டு காசு விழும். சாகற அன்னிக்கு பகல்ல விடுதி ரூம்கள சுத்தம் பண்ணி ஆறு பென்னி கூலி வாங்கியிருந்தாங்க, ஆக அன்னிக்கு அவங்களுக்கு படுக்கை காசு இருந்துச்சு, எல்லாருக்கும் ஒரே காரணம்னு சொல்லிட முடியாது.

இப்ப முக்கியமான ஒரு கேள்வி, "எல்லாரும் விபச்சாரிங்க தானே?" பல வருஷமா அப்படியே எழுதிட்டு வந்திருக்காங்க. எலிசபெத் பேரு இளவயசுல கோத்தன்பர்க் போலீஸ் பதிவேட்டுல அப்படி ஏறியிருக்கு, மேரி ஜேன் அந்த தொழில்ல இருந்தத அவங்க கூட இருந்தவரே சொல்லியிருக்காரு. மத்த மூணு பேர் விஷயத்துல இன்னிக்கும் ஆராய்ச்சியாளர்ங்க நடுவுல சண்டை இருக்கு, அவ்வப்போது வேற வழியில்லாம போயிருப்பாங்கன்னு ஒரு பக்கம், வீடில்லாதவங்கன்னாலே அப்படி முத்திரை குத்திட்டாங்க, ஆதாரம் இல்லன்னு இன்னொரு பக்கம். இதுல கவனிக்க வேண்டிய ஒண்ணு, 1887ல ஒரு பொண்ண ரீஜன்ட் தெருவுல தப்பா கைது பண்ணி பெரிய பிரச்சனை ஆனப்புறம் போலீஸ் கமிஷனர் சார்லஸ் வாரன், ஒரு பொண்ணு தானே சொன்னாலோ கோர்ட்ல தண்டனை வாங்கியிருந்தாலோ ஒழிய அவள விபச்சாரின்னு கூப்பிட போலீசுக்கு உரிமை இல்லன்னு உத்தரவே போட்டிருந்தாரு. அப்படியும் பத்திரிகைங்க எழுதுச்சு. என் கருத்த கேட்டா, யார் எத்தனை தடவை என்ன பண்ணாங்கன்னு எண்றதுல எனக்கு ஆர்வம் இல்ல, அன்னிக்கு பண்ணியிருந்தாலும் அது நாலு பென்னிக்கு தான், அந்த காசு இருந்திருந்தா போலியும் ஆனியும் அந்த நேரத்துல கட்டில்ல தூங்கிட்டிருந்திருப்பாங்க.

மேரி ஜேன் கெல்லி பத்தி நமக்கு தெரிஞ்சதெல்லாம் அவங்களே சொன்ன கதைங்க, அயர்லாந்துல பொறந்தேன், வேல்ஸ்ல வளர்ந்தேன், சுரங்க விபத்துல புருஷன் செத்துட்டான்னு, எதையும் பதிவேடுகள்ல உறுதிப்படுத்த முடியல. இவங்களுக்கு மட்டும் ரூம் இருந்துச்சு, மில்லர்ஸ் கோர்ட் 13, வார வாடகை நாலரை ஷில்லிங். கூட இருந்த ஜோசப் பார்னட் மீன் மார்க்கெட்ல கூலி, அந்த வேலை போனப்புறம் வாடகை பாக்கி 29 ஷில்லிங் ஏறிடுச்சு, அவரும் சண்டை போட்டுட்டு அக்டோபர் கடைசில வெளிய போயிட்டாரு. ரூம் சாவி தொலைஞ்சு போயிருந்துச்சு, ஒடைஞ்ச ஜன்னல் கண்ணாடி வழியா கைய விட்டு தாழ்ப்பாள தெறந்து போய்ட்டு வந்துட்டிருந்தாங்க. நவம்பர் 9 காலைல பாக்கி வசூலிக்க வந்த ஆள் கதவ தட்டி, பதில் வரலன்னு அந்த ஓட்டைல கைய விட்டு திரைய விலக்கினப்ப தான் உடம்ப பாத்தான். அடக்கம் பண்றப்ப சொந்தக்காரங்கன்னு ஒருத்தர் கூட வரல.

கேத்தரின் எட்டோஸ கடைசில வெச்சதுக்கு காரணம் அவங்க பாக்கெட். தகரத் தொழிலாளி பொண்ணு, வுல்வர்ஹாம்ப்டன்ல பொறந்து லண்டன்ல தர்மப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க, பென்ஷன் வாங்கின பழைய சிப்பாய் தாமஸ் கான்வேயோட பல வருஷம் வாழ்ந்து மூணு பிள்ளை பெத்து, அவர் பேரோட முதல் எழுத்துங்கள கையில பச்சை குத்தியிருந்தாங்க. அப்புறம் ஏழு வருஷமா ஜான் கெல்லிங்கிறவரோட (மேரி ஜேன் கெல்லிக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்ல). வருஷா வருஷம் ஆகஸ்ட் செப்டம்பர்ல லண்டன் ஏழைங்க கூட்டங்கூட்டமா கென்ட் பக்கம் பீருக்கு போடற ஹாப்ஸ் பறிக்க போவாங்க, இவங்களும் போனாங்க, ஒண்ணும் தேறல, நடந்தே திரும்பி வந்தாங்க. செப்டம்பர் 28 அன்னிக்கு ஜானுக்கு கெடச்ச கூலி ஆறு பென்னி. நாலு பென்னிய நீ வெச்சுக்கிட்டு விடுதிக்கு போ, நான் கேஷுவல் வார்டுக்கு போறேன்னு கேத்தரின் தான் சொன்னாங்க. சாப்பாட்டுக்கு ஜானோட பூட்ஸ ரெண்டரை ஷில்லிங்குக்கு அடகு வெச்சாங்க, கடைக்குள்ள கேத்தரின் போக, வாசல்ல வெறுங்காலோட ஜான் நின்னுட்டிருந்தாரு. அந்த காசுல டீயும் சக்கரையும் வாங்கினாங்க.

29ம் தேதி சாயங்காலம் எங்கயோ குடிச்சுட்டு ஆல்ட்கேட்ல விழுந்து கெடந்தவங்கள போலீஸ் தூக்கிட்டு போய் பிஷப்ஸ்கேட் ஸ்டேஷன்ல வெச்சுது, ராத்திரி ஒரு மணிக்கு தெளிஞ்சுடுச்சுன்னு வெளிய விட்டாங்க. முக்கால் மணி நேரத்துல மைட்டர் ஸ்கொயர்ல காவலர் ஒருத்தர் உடம்ப பாத்தாரு. போலீஸ் எழுதின பட்டியல் இருக்கே, அது ஒரு முழு வீட்டோட சாமான்: பாவாடை மேல பாவாடையா போட்டிருந்த துணிங்க, ஒரு தகர டப்பால டீத்தூள், இன்னொண்ணுல சக்கரை, ரெண்டு மண் புகைக்குழாய், ஆறு சோப்புத் துண்டு, சின்னப் பல்லு வெச்ச சீப்பு, சாப்பாட்டு கத்தி, ஒரு ஸ்பூன், ஊசி குத்தின துணி, தையல் விரல்மூடி, 12 துண்டு வெள்ளைத் துணி, ஒடைஞ்ச மூக்குக்கண்ணாடில ஒரு பாதி. வீடு இல்லாதவங்க வீட்டையே மேல போட்டுக்கிட்டு நடக்கறாங்க. காசு ஒரு பென்னி கூட இல்ல.

அதுல ஒரு கடுகு டப்பா இருந்துச்சு, உள்ள ரெண்டு அடகு சீட்டு. ஒண்ணு ஒரு சட்டைக்கு, அது ஹாப்ஸ் பறிச்சுட்டு திரும்பற வழியில ஒரு பொண்ணு குடுத்தது. இன்னொண்ணு பூட்ஸுக்கு, அடகு வெக்கும்போது கேத்தரின் குடுத்த ஜேன் கெல்லிங்கிற பேர்ல. கேத்தரின ஸ்டேஷன்ல வெச்சிருக்காங்க, காலைல வந்துடுவான்னு நெனச்சு ஜான் விடுதில காத்துட்டிருந்தாரு. அப்புறம் பேப்பர்ல செத்துப்போன பொண்ணுகிட்ட இருந்த அடகு சீட்ட பத்தி போட்டிருந்தாங்க, அத படிச்சுட்டு அவர் பிஷப்ஸ்கேட் ஸ்டேஷனுக்கு போய், அந்த பூட்ஸ் என்னோடதுன்னு சொன்னாரு.